அரசு கட்டும் வட்டி: கில்ட் ஃபண்டா, சேமிப்புப் பத்திரமா, நேரடி ஏலமா?

2025-26 மத்திய பட்ஜெட்டில் கடனுக்கு வட்டி கட்ட மட்டும் ஒதுக்கிய தொகை 12.76 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதாவது, நாலில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது. இதைக் கேட்டதும் பலருக்குத் தோன்றுவது, ஏதோ வெளிநாட்டுக்காரனுக்குக் கொட்டிக் கொடுக்கிறோம் என்பதுதான். உண்மை அதுவல்ல. அரசு கடன் வாங்குவதற்காக வெளியிடும் அரசுப் பத்திரங்களைப் பெரும்பாலும் வைத்திருப்பது நம் வங்கிகள், எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், பி.எஃப். அமைப்புகள், ரிசர்வ் வங்கி. ரிசர்வ் வங்கிக்குப் போகிற வட்டியில் ஒரு பகுதி உபரித் தொகையாக அரசிடமே திரும்புகிறது. வங்கிகள் எஸ்.எல்.ஆர். விதிப்படி தங்கள் டெபாசிட்டில் 18 சதவீத அளவுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்; அதில் பெரும்பகுதி அரசுப் பத்திரம்தான்.

ஆக, எஃப்.டி. போட்டிருக்கும் எல்லோருக்கும் இந்த வட்டி ஏற்கெனவே சுற்றி வந்து கொண்டிருக்கிறது, வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டது போக. நேராகவே வாங்கினால் என்ன என்ற கேள்வி எனக்கு 2023-ல் வந்தது. அம்மா பெயரில் ஓர் எஃப்.டி. முதிர்ந்த நேரம். அம்மாவுக்கு அப்போது 62 வயது, ஓய்வூதியம் கிடையாது. ஒரு பகுதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 60 தாண்டியவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மிச்சம் இருந்த ஐந்து லட்சத்துக்குத்தான் இந்த அலசல். எதிரில் இருந்தவை மூன்று வழிகள்: கில்ட் ஃபண்ட், சேமிப்புப் பத்திரம், நேரடி ஏலம்.

கில்ட் ஃபண்டைச் சீக்கிரம் தள்ளிவிட்டேன். அது ஒரு மியூச்சுவல் ஃபண்ட், உள்ளே இருப்பது அதே அரசுப் பத்திரங்கள்தான். எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், ஓரிரு நாளில் பணம் வந்துவிடும். அது பெரிய வசதி. ஆனால் வட்டி என்று எதுவும் கைக்கு வராது, என்ஏவி-யில்தான், அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் விலையில்தான் ஏறும். சந்தையில் வட்டி விகிதம் கூடினால் என்ஏவி இறங்கும். பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் போகும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு போட்ட பணத்துக்கு, எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் வருமானத்தோடு சேர்ந்து வரி. மாதச் செலவுக்கு வட்டியை எதிர்பார்க்கும் ஒருவருக்கு இது பொருந்தவில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஒன்று சேமிப்புப் பத்திரம், அதாவது வங்கிகளில் கிடைக்கும் ஃப்ளோட்டிங் ரேட் சேவிங்ஸ் பாண்ட். ஏழு வருடம், ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வட்டி. அஞ்சலகத்தின் தேசிய சேமிப்புப் பத்திரமான என்.எஸ்.சி.யின் வட்டியோடு 0.35 சதவீதம் சேர்த்துத் தருவார்கள். 2023 ஜூலையில் அது 8.05 சதவீதம் ஆனது. இன்னொன்று, 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட். கணக்குக்குக் கட்டணம் இல்லை, பத்தாயிரம் ரூபாயிலிருந்து அரசுப் பத்திரத்தை ஏலத்தில் நேரடியாக வாங்கலாம். நாம் விலை சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் கேட்ட விலைகளின் சராசரியில் நமக்குக் கிடைக்கும்.

நான் ஏலத்தில் வாங்கியது "7.30% ஜி.எஸ். 2053": வருடம் 7.30 சதவீத வட்டி தந்து 2053-ல் முதிரும் அரசுப் பத்திரம். தம்பி விடவில்லை.

"ஏன்க்கா, எட்டுக்கு மேல தர்றதை விட்டுட்டு ஏழேகாலுக்கா போடுவ?"

நியாயமான கேள்வி. இதற்கான பதிலில்தான் என் முடிவே இருக்கிறது.

8.05 என்பது நிரந்தர வாக்குறுதி அல்ல, அன்றைய நிலவரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது மாறலாம். இதே பத்திரம் 2020 ஜூலையில் தொடங்கியபோது 7.15 சதவீதம்தான். அதற்கு முன்னால் இருந்த 7.75 சதவீதப் பத்திரத்தை அந்த மே மாதக் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கும் முன்னால் இருந்தது 8 சதவீதம். அதை 2018 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஏழு வருடம் முடிந்து பணம் கையில் வரும்போது, அடுத்து எங்கே, எத்தனை சதவீதத்துக்கு என்ற கேள்வியோடு அம்மா 69 வயதில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அஞ்சலகத் திட்டமும் அப்படித்தான், ஐந்து வருடம் கழித்து நீட்டித்தால் அன்றைய வட்டிதான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். "10.18% ஜி.எஸ். 2026" என்று ஒரு பத்திரம் உண்டு, 2001-ல் வெளியானது. அதை முகமதிப்புக்கு, அதாவது பத்திரத்தில் குறித்த தொகைக்கே வாங்கி வைத்தவருக்கு லட்சத்துக்கு வருடம் 10,180 ரூபாய், இருபத்தைந்து வருடம். வெளியான இரண்டு மூன்று வருடத்திலேயே பத்தாண்டுப் பத்திரத்தின் வருவாய் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. எஃப்.டி. போட்டவர்கள் புதுப்பிக்கும்போதெல்லாம் குறைந்த வட்டிக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. இவருக்கு ஒரு பைசா குறையவில்லை. மூன்று வழிகளில், இத்தனை நீண்ட காலத்துக்கு வட்டியைப் பூட்டி வைக்கிற வசதி நேரடிப் பத்திரத்துக்கு மட்டும்தான் உண்டு.

எங்கள் கணக்கு இது: ஐந்து லட்சம் முகமதிப்புக்கு வருடம் 36,500. ஜூன் 19, டிசம்பர் 19 தேதிகளில் அம்மாவின் வங்கிக் கணக்கில் 18,250 ரூபாய் வந்து விழும். அந்தக் குறுஞ்செய்தி வந்ததும் அம்மா எனக்கு அனுப்பி வைப்பார். பத்திரம் முதிரும்போது அம்மாவுக்கு 92 வயது இருக்கும். டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பதில்லை, ஆனால் வட்டி வருமானத்தில் சேரும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் அதைத் தாங்களே கணக்கில் காட்ட வேண்டும். சேமிப்புப் பத்திரத்தில் டிடிஎஸ் உண்டு. ஒரு சின்ன விஷயம்: பழைய பத்திரத்தை மறு ஏலத்தில் வாங்கும்போது, கடைசி வட்டித் தேதியிலிருந்து அன்றுவரை சேர்ந்த வட்டியையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். முதல் தவணையில் அது திரும்பி வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

குறையையும் சொல்லியாக வேண்டும். நடுவில் விற்பதுதான் இதன் பலவீனம். பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கைமாற்றும் சந்தை அது. நம் ஐம்பதாயிரத்துக்கு ஆள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். விலையும் அன்றைய வட்டியைப் பொறுத்தது. முப்பது வருடப் பத்திரத்தை 7.30-ல் வாங்கிய பிறகு சந்தை வட்டி 8.30 ஆனால், 100 ரூபாய்ப் பத்திரம் ஏறத்தாழ 89-க்குத்தான் போகும். நான் இதுவரை விற்றதில்லை, அதனால் அந்த அனுபவத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். சேமிப்புப் பத்திரத்தில் இந்த விலைச் சரிவு இல்லை, ஆனால் அதை விற்கவே முடியாது. வயதைப் பொறுத்து 4 முதல் 6 வருடம் கழித்து மூத்தவர்கள் மட்டும் முன்கூட்டியே எடுக்கலாம். விலைவாசியும் இருக்கிறது. 2050-ல் 18,250 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்கப் போவதில்லை. வட்டி விகிதம் ஏறிக்கொண்டே போனால் தம்பி சொன்னதுதான் சரியாகும்.

அதனால்தான் அவசரத்துக்கு வேண்டிய பணத்தை இதில் வைக்கவில்லை. ஆறு மாதச் செலவு தனியாக எஃப்.டி.யில் கிடக்கிறது. உங்களுக்கு ஐம்பது வயதுக்குக் கீழ் என்றால், அல்லது ஏழு வருடத்துக்குள் கல்யாணம், வீடு என்று பெரிய செலவு இருந்தால், முப்பது வருடப் பத்திரம் பக்கம் போகாதீர்கள். அந்தச் செலவு தேதிக்கு முன்பே முதிரும் ஐந்து, ஏழு வருடப் பத்திரமும் இதே மாதிரி ஏலங்களில் கிடைக்கும். என் தம்பி தன் பணத்தைச் சேமிப்புப் பத்திரத்தில்தான் போட்டிருக்கிறான். அவனுக்கு வயது 34, சம்பளம் வருகிறது, வட்டி இறங்கினாலும் தாங்கிக்கொள்வான்.