ஹாரிஸா, ஸ்மித்தா, ஹன்டரா?

1960, 70களின் இங்கிலாந்து கால்பந்தில் முரட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் என்றால் மூன்று பேரை ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள்: செல்சியின் ரான் ஹாரிஸ், லிவர்பூலின் டாமி ஸ்மித், லீட்ஸின் நார்மன் ஹன்டர். சரி, என் அணிக்கு ஒருவர்தான் என்றால் யாரை எடுப்பேன்?

அடிதடியில் ஹாரிஸுக்குத்தான் முதலிடம். 'சாப்பர்' (வெட்டுபவர்) என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. 1970 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், வெம்ப்ளியில், லீட்ஸின் எடி கிரே செல்சியின் டேவிட் வெப்பைப் படாதபாடு படுத்தினார். ஆட்டம் 2-2. ஓல்ட் ட்ராஃபோர்டில் நடந்த மறு ஆட்டத்தில் வெப்பை நடுவுக்கு நகர்த்திவிட்டு, கிரேயைக் கவனிக்கக் கேப்டன் ஹாரிஸே வந்தார். கவனித்தார்! ஆரம்பத்திலேயே முழங்காலில் ஒரு டேக்கிள். அப்புறம் கிரே பழைய கிரே இல்லை. நடுவர் எச்சரிக்கையாக ஹாரிஸின் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்தது, வெம்ப்ளியில் திண்டாடிய அதே வெப். செல்சிக்காக 795 ஆட்டங்கள் ஆடியும் ஹாரிஸை இங்கிலாந்து சீனியர் அணி ஒருமுறைகூட அழைத்துக் களமிறக்கவில்லை.

ஸ்மித்துக்கு ஒரே ஒரு முறை வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அவரிடம் கோப்பைகள் குவிந்தன. 1977இல், 32 வயதில், ஃபில் தாம்சனின் காயத்தால் அணிக்குள் வந்தவர், ரோமில் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி லிவர்பூலை முன்னிலைக்குக் கொண்டுபோனார்.

ஹன்டர் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. 'காலைக் கடிப்பவர்' என்று ரசிகர்கள் பேனர் பிடித்தார்கள்; அந்தப் பெயரே அவருடைய ஆட்டத்தை மறைத்துவிட்டது. இடது காலால் அவர் பந்தை அனுப்பும் நேர்த்தியை யாரும் பேசுவதில்லை. 1966 உலகக் கோப்பை அணியில் இருந்தும், அவர் இடத்தில் பாபி மூர் நின்றதால் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அப்படியும் இங்கிலாந்துக்கு 28 ஆட்டங்கள். 1974இல் வீரர்கள் சங்கம் முதன்முறையாகக் கொடுத்த சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அவரிடம் உதை வாங்கியவர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது!

கரும்புள்ளியும் உண்டு. 1973 அக்டோபர் 17, வெம்ப்ளியில் போலந்துடன், இங்கிலாந்து வென்றே ஆகவேண்டிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். ஹன்டர் பந்தை ரசிகர் கூட்டத்துக்குள் உதைத்திருந்தாலே போதும். கோட்டோரத்தில் லாட்டோவிடம் பறிகொடுத்தார், டொமார்ஸ்கி கோல் அடித்தார். 1-1. இங்கிலாந்து 1974 உலகக் கோப்பைக்குப் போகவில்லை.

இருந்தாலும் ஒரு சீசன் முழுக்க ஆட என் தேர்வு ஹன்டர்தான். ஒரே ஒரு ஆட்டம், எதிரே எடி கிரே என்றால் மட்டும் ஹாரிஸைக் கூப்பிடுவேன்.