மனச்சோர்வும் சத்து மாத்திரைகளும்: நான்கு ஆண்டு அனுபவம்

2021 ஆகஸ்டில் எனக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக மனநல மருத்துவர் சொன்னார். அன்று தொடங்கியது எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து, 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. கூடவே பி12, வைட்டமின் டி, மீன் எண்ணெய், மெக்னீசியம், பயோட்டின் என்று ஐந்து சத்து மாத்திரைகளை வெவ்வேறு காலங்களில் சாப்பிட்டிருக்கிறேன். இவற்றில் என்னைத் தூக்கி நிறுத்தியது ஒன்றுதான்.

அது பி12. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. காய்கறியிலும் பருப்பிலும் பி12 இல்லை. பால், தயிர்தான் வழி. நானோ பாலைத் தொடுவதில்லை. ரத்தப் பரிசோதனையில் 142 வந்தது; ஆய்வகத் தாளில் போட்டிருந்த கீழ் எல்லை 200. அந்த நாட்களில் இரவானால் பாதங்களில் எறும்பு ஊரும். செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டடி நடந்துவிடுவேன். பேச்சின் நடுவே எதிர்வீட்டுக்காரர் பெயர் நினைவுக்கு வராது. முதலில் ஊசி போட்டார்கள். பிறகு மெத்தில்கோபாலமின் என்ற பி12 மாத்திரை, 1500 மைக்ரோகிராம், தினம் ஒன்று. மூன்றாம் மாதம் எறும்பு ஊர்வது நின்றது. யாரும் எழுப்பாமல் காலையில் எழுந்து வாசல் தெளித்தேன். ஆனால் ‘இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணம் மட்டும் ஊசியால் போகவில்லை. அதைக் கரைத்தவை எஸ்சிடாலோபிராமும் வாராவாரம் சென்ற உளவியல் ஆலோசனையும்.

வைட்டமின் டி 11 என்று மிகக் குறைவாக வந்ததும் 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம். தவறித் தினமும் விழுங்கிவந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர் எச்சரித்ததால், நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்தேன். இடுப்புவலி குறைந்தது, மனம் இருந்த இடத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் 50 வயதைத் தொட்ட 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்தாண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்விலும், தினம் 2000 யூனிட் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. குறைபாடு இருந்தால் நிரப்பத்தான் வேண்டும், எலும்புக்காகவாவது.

மீன் எண்ணெயை அம்மா சமையலறைப் பக்கம் வரவிடவில்லை. அலுவலக மேசை இழுப்பறையில் வைத்து ஏழு மாதம் சாப்பிட்டேன். டப்பாவின் முன்பக்கம் பெரிதாக 1000 மில்லிகிராம் என்றிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120. மனச்சோர்வு மருந்தோடு சேர்த்துப் பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் தரப்பட்டது பெரும்பாலும் ஒரு கிராம் இபிஏ அல்லது அதற்கு மேல். அந்தக் கணக்குக்குத் தினம் ஆறு மாத்திரை வேண்டும். நான் போட்டது ஒன்று. அதனால் மீன் எண்ணெய் பலிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அளவோடு நான் சாப்பிடவே இல்லை. வாங்குபவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

மெக்னீசியம் வயிற்றைக் கலக்கியது. மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன்.

2022 டிசம்பரில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பகிர்வு முழுமையாகாது. சத்துப் பொடி விற்கும் ஒருவர், “இது இயற்கையானது, அந்த மாத்திரையை இனி விட்டுவிடலாம்” என்றார். உடம்பு தேறியிருந்த தைரியத்தில் எஸ்சிடாலோபிராமை ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினாலே தலைக்குள் மின்சாரம் தாக்கியது போல ஒரு வெட்டு. ஆறாவது வாரம், துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழவில்லை. அன்று இரவு அக்கா மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தாள். மறுமுனையில் தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். காலையில் அவளே என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். சித்தி மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்த, மனச்சோர்வுக்கென்று விற்கும் மூலிகையான செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைக் கண்டதும் தனியாக நகர்த்தினார். எஸ்சிடாலோபிராமோடு அதைச் சேர்த்தால் மூளையில் சுரக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவுமீறி நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று ஆபத்தில் கொண்டுவிடும் என்றார். நல்லவேளை, அதை நான் பிரிக்கவே இல்லை. பிறகு பொடி டப்பாவைத் திருப்பி ஒரு வரியை என்னையே வாசிக்கச் சொன்னார். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. இங்கே விற்கும் சத்து மாத்திரை டப்பாக்களில் அந்த வரி சட்டப்படி இருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் ஒருமுறைகூட என் கண்ணில் அது பட்டதில்லை.

பயோட்டின் தந்தது வேறு விதமான பயம். 2024-இல் முடி கொட்டுகிறதென்று 10 மில்லிகிராம் போட்டுவந்தபோது, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதாக முடிவு வந்தது. என் படபடப்புக்கே அதுதான் காரணமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை. பயோட்டின் சில பரிசோதனைகளின் முடிவைத் திரித்துக்காட்டுமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது இரவில் எஸ்சிடாலோபிராம், காலையில் பி12, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சென்ற மாதம் பி12 அளவு 480. மருந்தை 5 மில்லிகிராமாகக் குறைப்பது பற்றி அடுத்த முறை பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.