பில், லேரி, ஆலன்: மூன்று எரிச்சல் பேர்வழிகள்

டாக் ஷோ நடத்துபவரை நாயகனாக்கி சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. அவரை யாருக்கும் பிடிக்காத ஆளாக வைத்தால்தான் வம்பு. அந்த வம்பை விலைக்கு வாங்கிய மூன்று தொடர்களில் முதலில் வந்தது 'பஃபலோ பில்'. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1983 மே மாதம் தொடங்கி, 26 எபிசோடுகளோடு அடுத்த ஆண்டே மூட்டை கட்டியது.

டாப்னி கோல்மேன் நடித்த பில் பிட்டிங்கர், பஃபலோ நகரத்து உள்ளூர் சேனலில் டாக் ஷோ நடத்துபவர். தன் தகுதிக்கு இந்த ஊர் போதாது என்ற நினைப்பு. பொய், சுயநலம், பெண்களிடம் வழிசல், பழியை அடுத்தவர் தலையில் கட்டுவது என்று எதற்கும் குறைவில்லை. இயக்குநர் ஜோ ஜோ (ஜோவானா காசிடி) அவருடைய காதலியும்கூட. இரண்டு பாகக் கதை ஒன்றில் அவள் பில்லால் கர்ப்பமாகி, கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். கடைசி நிமிடத்தில் பில் திருந்திவிடுவார் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அவரை நல்லவர் என்று நம்பும் ஒரே ஜீவன், அரங்க உதவியாளர் வுடி. பாவம்.

'த லேரி சாண்டர்ஸ் ஷோ' (1992–98) இதைவிடச் சாமர்த்தியமானது. மேடைக் காட்சிகள் வீடியோவில், திரைக்குப் பின்னால் நடப்பவை ஃபிலிமில். விளம்பர இடைவேளை வந்ததும் படத்தின் நிறமே மாறும். லேரியின் சிரிப்பும் அணையும். கேரி ஷான்ட்லிங் நடித்த லேரி கொடூரமானவர் இல்லை, பயந்தாங்கொள்ளி. இரவில் படுக்கையில் கிடந்தபடி தன் நிகழ்ச்சியைத் தானே பார்க்கும் ஆளை எவ்வளவு நேரம்தான் வெறுக்க முடியும்? தவிர, அவருக்காகப் பொய் சொல்ல, மிரட்ட, தாஜா பண்ண நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஆர்ட்டி இருக்கிறார். ரிப் டார்ன் அந்த வேடத்தில் விளாசியிருக்கிறார்.

பிரிட்டனின் ஆலன் பார்ட்ரிட்ஜுக்கு (ஸ்டீவ் கூகன்) இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. 1994-இல் பிபிசியில் வந்த அவருடைய 'நோயிங் மீ, நோயிங் யூ' ஆறே எபிசோடுகள். கடைசி எபிசோடில் விருந்தினரையே கைதவறிச் சுட்டுவிடுகிறார். ஆலன் ஒவ்வொரு முறையும் தோற்பதால் நாம் நிம்மதியாகச் சிரிக்கலாம். பில்லோ பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார், அதுதான் உறுத்தும்.

ஒளிபரப்பிய இடமும் முக்கியம். லேரியை ஒளிபரப்பிய எச்பிஓ சந்தாவில் ஓடும் சேனல், கோடிப் பேர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிபிசியில் ஆறு எபிசோடுகளில் முடித்துக்கொள்ளலாம். அன்று மூன்று பெரிய நெட்வொர்க்குகளில் கடைசியில் கிடந்த என்பிசிக்கோ விளம்பரமும் ரேட்டிங்கும்தான் சோறு. பில்லை வாராவாரம் வீட்டு வரவேற்பறைக்குள் அழைக்க எத்தனை குடும்பங்கள் தயாராக இருந்திருக்கும்? ஆனால் தொடரை நிறுத்திய என்பிசி பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் பிராண்டன் டார்ட்டிகாஃபே, அதற்காகப் பின்னாளில் வருந்தினார்.

ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் லேரி; குறை சொல்ல இடமே இல்லை. ஆனால் துணிச்சலுக்கு என் ஓட்டு பில்லுக்கே. மற்ற இருவர் மீதும் கொஞ்சமாவது இரக்கம் வரும், பில் அதைக் கேட்பதே இல்லை. கோல்மேனும் 'பஃபலோ பில்'லை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே டார்செஸும் 1987-இல் போட்டி நெட்வொர்க்கான ஏபிசிக்குப் போய், ஸ்லாப் மேக்ஸ்வெல் என்ற சிடுமூஞ்சி விளையாட்டுப் பத்தி எழுத்தாளரை வைத்து மறுபடி முயன்றார்கள். அதுவும் ஒரே சீசன்தான்.