நாலு ரோட்டுச் சந்தில் ஒரு சுரூபப் பட்டறை

சேலம் நாலு ரோட்டில், குழந்தை இயேசு பேராலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. முன்கட்டில் மெழுகுவர்த்தி, செபமாலை, படங்கள் விற்கிறார்கள். பின்கட்டில் பழுதான சுரூபங்களை, அதாவது புனிதர்களின் சிலைகளை, சரிசெய்து வர்ணம் பூசிக் கொடுக்கிறார்கள். நான் எழுத வந்தது பின்கட்டைப் பற்றி.

எங்கள் வீடு ஏற்காட்டில். பாட்டி காலத்து அந்தோணியார் சுரூபம் ஒன்று மாடத்தில் இருக்கிறது. இரண்டடி உயரம், பிளாஸ்டர் ஆப் பாரிஸில் செய்தது. மலையில் மழை மாதங்களில் சுவரே வியர்க்கும்; மாவுச் சுரூபம் எத்தனை நாள் தாங்கும்? எட்டு வருடங்களுக்கு முன் வர்ணம் உரிய ஆரம்பித்தபோது வேறொரு ஊரில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பழைய வர்ணத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே எனாமல் பெயிண்டை அப்பிவிட்டார். அங்கி முழுக்கத் தங்க நிறம். உதட்டில் சிவப்பு. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்குத் தங்க அங்கி! அதன் முன்னால் முழந்தாளிட்டு தினமும் செபித்தேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டுதான் செபிக்க முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அது யாரைக் காட்டுகிறதோ அவரிடமே போய்ச் சேருகிறது என்று 787இல் நீசேயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் சொன்னது. அப்படியானால் சுரூபம் அவரைத்தானே காட்ட வேண்டும்?

எனாமல் வெளியே பளபளத்ததே தவிர, உள்ளே ஈரத்தை அடைத்துவைத்துவிட்டது. 2024 கிறிஸ்துமசுக்கு மாடத்தைத் துடைக்கும்போது, அந்தோணியார் ஏந்தியிருக்கும் குழந்தை இயேசுவின் வலது கை மணிக்கட்டோடு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. உடைந்த இடத்தைத் தொட்டால் ஊறிய சுண்ணாம்பு போல உதிர்ந்தது.

2025 தவக்காலத்தின் முதல் வாரம், சுரூபத்தை இரண்டு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் என் கை அதன் கழுத்தை விட்டு அகலவில்லை.

பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துப்போனது. "அம்மா, இது வீட்டுச் சுரூபமா, கோயில் சுரூபமா?" கோயில் சுரூபம் என்றால் பங்குத்தந்தை வழியாக ஆயரின் எழுத்து அனுமதி வந்த பிறகுதான் தொடுவாராம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189ஆவது விதி அதைத்தான் சொல்கிறது: மக்கள் வணங்கும்படி கோயிலில் வைத்திருக்கும், பழமையாலோ கலையாலோ பக்தியாலோ மதிப்புப் பெற்ற சுரூபங்களை அந்த அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது. திருவிழா நெருங்குகிறது என்று அவசர அவசரமாகப் பழைய சுரூபங்களுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து முகத்தையே மாற்றிவிடுகிற ஊர்களில் இந்த விதியை எழுதி ஒட்டிவைக்கலாம்.

சுரூபத்தை அவர் தரையில் வைக்கவில்லை. பலகையில் வெள்ளைத் துணி விரித்து, தலைமாட்டில் இன்னொரு துணியைச் சுருட்டி வைத்துப் படுக்கவைத்தார். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். 1974இல் நான் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. வெள்ளை கவுனில் நான் நிற்க, பின்னால் மாடத்தில் அந்தோணியார். என்னைத் தள்ளிவிட்டு அவரை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். உப்புத்தாளும் மழுங்கிய சிறு கத்தியுமாகத் தங்க நிறத்தை விரல்நீளம் விரல்நீளமாக எடுத்துக்கொண்டிருந்தார். தங்கத்துக்குக் கீழே காப்பிக்கொட்டை நிறம். அதற்கும் கீழே சாம்பல் நிறம். "அம்மா, எதைப் பூசட்டும்?" என்று கேட்டார். அந்தோணியார் சேர்ந்த சபையைத் தொடங்கிய பிரான்சிஸ் அசிசியாரின் முதல் தோழர்கள் சாயம் ஏற்றாத சாம்பல் நிறக் கம்பளி அங்கிதான் போட்டார்கள். பழுப்பு பின்னால் வந்தது. சுரூபத்தை முதலில் செய்தவர் அது தெரிந்துதான் பூசினாரா என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். கடைசியில் பழுப்பே இருக்கட்டும் என்றேன். பாட்டி பார்த்துச் செபித்தது அந்த நிறத்தை. பட்டறைக்காரர் மறுபேச்சு பேசவில்லை. ஆனால் இடது கைச் சட்டை மடிப்புக்குள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்.

அடுத்தது இடுப்புக் கயிறு. அந்தக் கயிற்றில் மூன்று வார்த்தைப்பாடுகளுக்கு மூன்று முடிச்சுகள் உண்டு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். பழைய பெயிண்டில் மூன்றும் மூழ்கி வெறும் குழாய் மாதிரி ஆகியிருந்தது. இவர் ஊசிமுனைக் கருவியால் ஒவ்வொரு முடிச்சையும் மறுபடி செதுக்கி, கயிற்றின் முறுக்குக்கூடத் தெரியும்படி நிழல் கொடுத்திருக்கிறார். இப்போது விரலால் தடவினால் மூன்றும் தட்டுப்படுகின்றன.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் அந்தோணியார் கையிலிருக்கும் புத்தகம். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். தொலைந்த சாவியைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் என்றே பாதிப் பேருக்கு அந்தோணியாரைத் தெரியும். அதுவும் ஒரு புத்தகத்தில் தொடங்கிய கதைதான். அவர் குறிப்பு எழுதிவைத்திருந்த விவிலியச் சங்கீதப் புத்தகத்தை ஒரு நவசந்நியாசி (சபையில் புதிதாகச் சேர்ந்தவன்) எடுத்துக்கொண்டு ஓடி, பிறகு திருப்பிக் கொண்டுவந்தான் என்பார்கள். ஆனால் அவர் முதலில் ஆசிரியர். சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்க பிரான்சிஸ் அசிசியாரே அவருக்கு அனுமதி கொடுத்தார். 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தபோது வயது நாற்பதைத் தொடவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள் புனிதர் பட்டம். 1263இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, போதித்த நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது. 1946இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அப்படிப்பட்டவர் கையில் இருந்த புத்தகத்தைப் பழைய பெயிண்டர் ஒரு தங்கப் பெட்டியாக்கியிருந்தார். இவர் அதற்குத் தாள் தாளாக விளிம்பு கொடுத்து, நடுவில் ஒரு சிவப்பு நாடாவும் வரைந்திருக்கிறார். நாடா பழைய படத்தில் இருக்கிறது. எனக்கே மறந்துபோனது அது.

குழந்தையின் கை முதல் தடவை சரியாக வரவில்லை. ஆசீர்வதிக்கும் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டு முஷ்டி மாதிரி இருந்தன. "தம்பி, இது ஆசீர்வாதம் மாதிரித் தெரியவில்லையே" என்றேன். முகம் சுளிக்காமல் உடைத்துவிட்டு, கம்பி வைத்து வேறு செய்தார். விளக்கு வெளிச்சத்தில் மணிக்கட்டில் மெல்லிய கோடு தெரிகிறது. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன் தருவதாகச் சொன்னது ஜூன் 10 ஆகிவிட்டது. போன் பெரும்பாலும் எடுப்பதில்லை. நேரில்தான் போக வேண்டும். சினிமா விளம்பரத் தாளில் அந்தோணியாரைச் சுற்ற வந்தார்கள், நான் என் போர்வையைக் கொடுத்தேன். முன்கட்டில் மினுக்கு விளக்கு வைத்த ஒளிவட்டங்கள் தொங்குகின்றன. அவற்றை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைப் படம் வைத்து உத்தரியம் என்று விற்பதும் சரியில்லை. உத்தரியம் கழுத்தில் தரிக்கும் பக்தி அடையாளம், துணியால் ஆனது. துணி உத்தரியம் தரித்தவர்கள் அதற்குப் பதிலாகப் பதக்கம் அணியலாம் என்று 1910இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில் அனுமதி வந்தது, அவ்வளவுதான். செபமாலை மட்டும் நன்றாக இருக்கிறது. அறுந்ததைக் கொண்டுபோனால் இருபது ரூபாய்க்கு, கூடவே நிற்க, கோத்துக் கொடுக்கிறார்கள்.

சுரூபத்துக்கு என்னிடம் வாங்கியது 3,200 ரூபாய். புதுச் சுரூபமே அந்த விலைக்குக் கிடைக்கும் என்று என் தங்கை சொன்னாள். கிடைக்கும், பாட்டி முத்தமிட்ட பாதம் கிடைக்காது.

வாங்கப் போன அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோணியாரை அடக்கம் செய்ததும் ஒரு செவ்வாய்தான். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு, தாளில் மடித்த ஒரு பொட்டலத்தையும் கொடுத்தார். சுரண்டி எடுத்த வர்ணத் துகள், உதிர்ந்த மாவு, பழைய கையின் இரண்டு குட்டி விரல்கள். "மந்திரித்த (குருவானவர் ஆசீர்வதித்த) சுரூபம், அம்மா. குப்பையில் போடக் கூடாது. நீங்களே புதைத்துவிடுங்கள்." ஒரு துகளைக்கூட அவர் பெருக்கித் தள்ளவில்லை.

ஜூன் 13 காலைப் பூசை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் பாட்டி நட்ட காப்பிச் செடியின் அடியில் ஒரு முழம் தோண்டி அந்தப் பொட்டலத்தை வைத்து மூடினேன். பிறகு மாடத்து விளக்கை ஏற்றினேன்.