முகத்துக்கு ஆவி பிடிக்கும் மெஷினும் எங்கள் வீட்டுக் கிணறும்

போன வருஷம் ஒன்லைனில் வாங்கிய ஸ்டீமர். கைக்கு அடக்கமானது, ஒரு தரம் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷம் ஆவி வரும். மெஷினுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கூட வந்த தாளுக்குப் பூச்சியம்தான், ஏனென்றால் எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்ற முக்கியமான விஷயத்தை ‘சுத்தமான தண்ணீர்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

நாங்கள் இருப்பது திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், பெயரே சொல்லிவிடும். கிணற்றுத் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி, வாயில் வைத்தால் லேசான சவர். சுத்தம்தானே என்று அதையே ஊற்றினேன். மூன்றாம் கிழமை ஆவியோடு சேர்ந்து கொதிநீர்த் துளி ஒன்று கன்னத்தில் தெறித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் சூடாகும் தகட்டில் நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை. எங்கள் கேத்தலின் அடியில் இருக்கும் அதே சாமான்தான்.

தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் உப்பும் போகாது, தொட்டியிலேயே தங்கும். அதனால் கிணற்றுத் தண்ணீரால் முகம் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை, கெடுவது மெஷின்தான், அது அடைபட்டுத் துப்பத் தொடங்கினால்தான் முகத்துக்கு ஆபத்து. பிளக்கைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, முதல் ஆவியை ஜன்னல் பக்கம் விட்டேன். படை கரைந்தது, வினாகிரி மணம்தான் இரண்டு நாள் இருந்தது.

“கன்னியாவில ஏழு கிணறும் சுடச்சுடக் கிடக்க, உனக்கு மெஷின் கேட்குதோ பிள்ளை?” என்று பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி அம்மம்மாவின் நக்கல் வேறு.

அப்புறம் கடைப் போத்தல் தண்ணீர். லேபிளைத் திருப்பினால் கல்சியம் அதிலும் இருக்கிறது, படை மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கொதித்தாறிய தண்ணீர் கொஞ்சம் பரவாயில்லை, கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பங்கு கேத்தலிலேயே இறங்கிவிடும், ஆனால் சவர் போகாது. மார்கழி மழைத் தண்ணீர் மென்மையானது, கூரையில் காகம் இல்லாத வீடு கிடைத்தால் சொல்லுங்கள்.

கடைசியில் பாமசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கினேன். இப்போது அதுதான், தகடு பளிச்சென்று இருக்கிறது. பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் மலிவுதான், ஆனால் அது முகத்துக்கென்று செய்தது இல்லை, பக்கத்திலேயே அசிட் போத்தலும் நிற்கும், வேண்டாம். எதை ஊற்றினாலும் மிச்சத்தை அன்றே கவிழ்த்துக் காயவிடுங்கள், வாசனை எண்ணெயும் தொட்டிக்குள் போட வேண்டாம்.

என் பேச்சைக் கேட்டு மச்சாளும் அதே தண்ணீரைத் தன் மெஷினில் ஊற்றினா. ஒரு பொட்டு ஆவி வரவில்லை, பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியையும் கட்டிவிட்டா. நான் போய்ப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தகடு இல்லை, இரண்டு உலோகக் குச்சிகள். அந்த வகையில் மின்சாரம் தண்ணீருக்குள்ளால் ஓடித்தான் சூடு வரும், உப்பே இல்லாத தண்ணீரில் அது சரியாக ஓடாது. கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினோம், கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று கிளம்பியது.