இகாருஸ் 260, லியாஸ் 677: எஞ்சினை எங்கே வைப்பது?

1970களிலும் 80களிலும் மாஸ்கோ நகரத் தடங்களில் இரண்டு வகைப் பேருந்துகள் அருகருகே ஓடின. ஒன்று சோவியத் நாட்டிலேயே, லிகினோ-துல்யோவோ ஆலையில் உருவான லியாஸ் 677. மற்றொன்று ஹங்கேரியிலிருந்து வந்த இகாருஸ் 260. இரண்டையும் ஒப்பிட, எஞ்சின் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே சரி.

லியாஸின் 7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எட்டு சிலிண்டர்களுடன், ஓட்டுநருக்கு அருகிலேயே முன்புறத்தில் இருந்தது. அதனால் அதன் வெப்பமும் இரைச்சலும் நாள் முழுவதும் அவருடனேயே பயணித்தன. எரிபொருளையும் அது மிகுதியாகக் குடித்தது. ஆயினும் அதன் தானியங்கி கியர், நிறுத்தத்துக்கு நிறுத்தம் கிளட்ச் மிதிக்கும் வேலையிலிருந்து ஓட்டுநரை விடுவித்தது. வழக்கமான இகாருஸ் 260-இல் இந்தச் சலுகை இல்லை. இது சிறிய குறையன்று.

இகாருஸில், ஜெர்மனியின் எம்.ஏ.என். வாகன நிறுவனத்தின் உரிமத்தின்படி ஹங்கேரியின் ராபா ஆலை செய்த, பத்து லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் படுக்கை வாட்டில், இரு அச்சுகளுக்கும் இடையே தரைக்கு அடியில் பொருத்தினார்கள். தளம் உயர்ந்துவிட்டது, ஏறுவதற்குப் படிகள் வேண்டியிருந்தன, முதியவர்களுக்கு அது சிரமம்தான். ஆனால் உள்ளே முன்பக்கம், பின்பக்கம் எங்கும் எஞ்சின் துருத்திக்கொண்டிருக்கவில்லை. 11 மீட்டர் நீளத்தில் மூன்று அகலமான கதவுகள் அமைந்தன. லியாஸில் முன்னும் பின்னுமாக இரண்டே கதவுகள் என்பதால், நெரிசல் வேளையில் நடுவில் நிற்பவர் கூட்டத்தை முழுவதும் கடந்தாக வேண்டும். நகரப் பேருந்துக்கு இந்த வேறுபாடு வேகத்தைவிட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

லாஸ்லோ ஃபின்டா வடிவமைத்த, 260-உம் அடங்கிய இகாருஸ் 200 வரிசையின் நேர்கோட்டு முகமும் அகன்ற கண்ணாடியும் இன்றும் பார்க்க அழகானவை. எனினும் அந்த வடிவமைப்பின் உண்மையான வலிமை உள்ளே இருந்தது. தரைக்கடி எஞ்சின் முன்பகுதியிலேயே இருந்து இரண்டாம் அச்சை இயக்கியதால், பின்னால் இணைப்பதற்கு இழுபடும் பெட்டி ஒன்றே போதுமானதாயிற்று. அவ்வாறு பிறந்த, இரு பெட்டிகள் இணைந்த 16.5 மீட்டர் நீளப் பேருந்தான இகாருஸ் 280, 1973 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்டது.