மாமனாரின் தாத்தாவைக் கண்டெடுத்துத் தந்த விலைப்பட்டியல் நூலகம்

இரண்டு ஆண்டுகளாக என் மாமனாரின் தாத்தாவை ஏதோ மருத்துவமனையில் வேலை பார்த்தவர் என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். ஆண்டுச் சந்தா வாங்கும் ஒரு வம்சாவளித் தளத்தில் அவருடைய தொழில் ‘நர்ஸ்’ என்று இருந்தது. 1910-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அசல் தாளைப் பெரிதாக்கிப் பார்த்த அன்றுதான் உண்மை தெரிந்தது. கணக்கெடுப்பாளர் கையால் எழுதியிருந்தது ‘நர்சரிமேன்’, அதாவது நாற்றுப்பண்ணைக்காரர். பின்பாதி எழுத்துகள் மங்கியிருந்ததால், தட்டச்சு செய்தவர் முன்பாதியோடு நிறுத்திவிட்டார். ஆப்பிள் கன்று விற்ற மனிதரின் கையில் மருந்துப் புட்டியைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு முறை எழுதியும் இன்றுவரை திருத்தவில்லை. இந்த ஆண்டு சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.

அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் ‘டி.டி.’ என்று இரண்டு எழுத்துகள். ‘செவிடும் ஊமையும்’ என்பதற்கு அந்தக் காலத்து ஆங்கிலச் சுருக்கம் அது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு விதி இருந்தது: காதும் கேட்காது, பேச்சும் வராது என்றால் மட்டும் இந்த எழுத்துகளைப் போட வேண்டும், இரண்டில் ஒன்று மட்டும் என்றால் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். அவருடைய வாழ்க்கையில் பாதியை அந்த இரண்டு எழுத்துக்குள் அடக்கிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன நினைத்தார், எப்படி விற்றார், யாரிடம் எப்படிப் பேசினார் என்று சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை.

அந்தக் கோபத்தோடு தேடப் போய்க் கிடைத்ததுதான் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி. தாவரவியல், விலங்கியல் பழைய நூல்களைப் படமெடுத்து இலவசமாகத் தரும் இணைய நூலகம் இது. ஆய்வாளர்களுக்கு உரியது என்று நினைத்து நான் பல காலம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இதற்குள் விதைக் கடைகளும் நாற்றுப்பண்ணைகளும் அச்சிட்டு அனுப்பிய விலைப்பட்டியல்களுக்கென்றே ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேரிலாந்து மாநிலம் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அமெரிக்க தேசிய வேளாண் நூலகத்திலிருந்து வந்தது. வேளாண் துறையின் தாவரவியலாளர் பெர்சி ரிக்கர் 1904-இல் சேர்க்கத் தொடங்கியது இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டியல்களாக அந்த நூலகத்தில் இருக்கிறது. கன்று வாங்கியதும் அடுப்புக்குப் போகும் காகிதம் என்று எல்லோரும் நினைத்ததை ஒருவர் சேர்த்துவைக்கத் தொடங்கினாரே, அவரை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பதிவு செய்ய வேண்டியதில்லை, பணம் கேட்பதில்லை. வேண்டிய பக்கங்களை மட்டும் பொறுக்கி பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் வரும் தாவரங்களின் அறிவியல் பெயர்களைத் தளமே தனியே எடுத்துக் காட்டுகிறது. ஆனால் பழைய அச்சை இயந்திரம் தப்பும் தவறுமாகப் படிக்கிறது. மாமனாரின் தாத்தாவுடைய நார்வேஜியக் குடும்பப் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. மின்னசோட்டாவில் அவர் பண்ணை வைத்திருந்த ஊரின் பெயரைப் போட்டேன். நான்காவது நாள் மாலை அவருடைய விலைப்பட்டியல் கிடைத்தது. தேடுபவர்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள், ஆளிலிருந்து அல்ல. கைப்பேசியில் முயல வேண்டாம், கண் போய்விடும்.

மூன்று இதழ்கள் இருந்தன. மூன்றும் 1900-களின் முதல் பத்தாண்டைச் சேர்ந்தவை, ஒவ்வொன்றும் முப்பது பக்கத்துக்குள். இடையில் பல ஆண்டுகள் இல்லை. அந்த இடைவெளி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதல் இதழின் உள்ளட்டையில் அவரே பேசுகிறார். தமக்குக் காது கேட்காது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். பண்ணைக்கு நேரில் வருபவர்கள் உரக்கக் கத்த வேண்டாம், வாயிற்கம்பத்தில் சிலேட்டும் பலப்பமும் தொங்குகின்றன, எழுதிக் காட்டினால் போதும் என்கிறார். கடிதம் வந்த அன்றே பதில் போய்விடும் என்று உறுதி கொடுக்கிறார். அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய வியாபாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழக்கன்று விற்பது அப்போது பெரும்பாலும் வாய்ச்சாலகத் தொழில். வண்ணப் படங்கள் அடுக்கிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தரகர்கள் பண்ணைவீடுகளுக்குப் போவார்கள். முட்டையளவு செர்ரியைப் படத்தில் காட்டி முன்பணம் வாங்குவார்கள். காது கேளாதவர் அந்த வழியில் போட்டியிட முடியாது. ஆனால் 1896-இல் கிராமப்புறங்களுக்கு வீடுதேடித் தபால் வரத் தொடங்கியது. தபாலில் எல்லோரும் எழுத்தில்தான் பேசியாக வேண்டும். தரகர்களின் படப் புத்தகத்தை நம்பாதீர்கள் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். காரமான எழுத்து.

ஆப்பிள் பக்கங்கள்தான் என் உயிர். மின்னசோட்டாக் குளிரில் ஆப்பிள் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. 1884-85 குளிர்காலம் அந்தப் பகுதியில் தோப்புத் தோப்பாக மரங்களைக் கொன்றது. இவர் தம் நிலத்தில் செத்த வகைகளின் பெயரை மறைக்காமல் பட்டியலிடுகிறார். அவற்றை விற்க மாட்டேன் என்கிறார். விற்பதில் முதலிடம் ரஷ்யாவிலிருந்து வந்த டச்சஸ் ஆஃப் ஓல்டன்பர்க் வகைக்கும், அதே மாநிலத்தில் பீட்டர் கிடியன் 1860-களில் உருவாக்கிய வெல்தி வகைக்கும். வெல்தி என்றால் செல்வச் செழிப்பைக் குறிக்கும் பெயர் என்று நினைத்திருந்தேன். அது கிடியனின் மனைவியின் பெயர். கன்று வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாய் சொல்வதுபோல் சொல்கிறார்: வேரில் காற்றுப் படவிடாதே, உடைந்த வேர் நுனியைக் கூர்கத்தியால் சீவு, நடும்வரை ஈரச் சாக்கால் மூடி வை.

குளிர்காலத்தில் நிலவறையில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டும் முறையையும் விவரிக்கிறார். வேர்த்துண்டையும் ஒட்டுக்குச்சியையும் சாய்வாகச் சீவி, இரண்டிலும் நாக்குப்போல் ஒரு பிளவு கொடுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மெழுகேற்றிய நூலால் சுற்றுவது. மாமனார் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு மடக்குக் கத்தி கிடக்கிறது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது. எதற்குப் பயன்பட்டது என்று யாருக்கும் தெரியாமல் கடிதம் பிரிக்க வைத்திருந்தார்கள்.

இவர் இந்த நாட்டுக்கு வந்ததே நூலிழையில் தப்பிய கதை. 1870-களில் பெற்றோரோடு சிறுவனாக, குடியேற வருபவர்களை அன்று பதிவுசெய்த நியூயார்க்கின் காசில் கார்டனில் இறங்கியவர். அதற்குப் பின் வந்த குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவு திறந்தது 1892-இல்தான். பொதுச் செலவில் வாழ நேரிடும் என்று அதிகாரிகள் கருதுபவரைத் திருப்பி அனுப்பும் சட்டம் 1882-இல் வந்தது. பிழைப்புக்குத் தடையாகும் உடற்குறையையே காரணமாக்கிய சட்டம் 1907-இல் வந்தது. அந்த 1907-ஆம் ஆண்டில் இவர் தம் கன்றுகளை ரயிலேற்றிக்கொண்டிருந்தார். ஃபாரிபோ ஊரில் 1863-இல் தொடங்கிய மாநிலக் காதுகேளாதோர் பள்ளியில் படித்தவர். வீட்டில் நார்வேஜிய மொழி. பள்ளியில் சைகையும் எழுத்து ஆங்கிலமும். பெற்ற தாயோடு பேச ஒரு மொழிகூட முழுதாக வாய்த்திருக்காது என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. காலடெட் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் ‘சைலண்ட் ஒர்க்கர்’ என்ற பழைய காதுகேளாதோர் இதழிலும் தேடினேன். அதில் இவர் இல்லை.

எண்பது வயதைத் தொட்ட மாமனாருக்காக வெல்தி ஆப்பிள் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். தாத்தாவை அவர் பார்த்ததில்லை. அவர் பிறக்கும் முன்பே போய்விட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். ‘ஆப்பிள்’ என்ற சொல் வந்த இடத்தில் ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முட்டியைக் கன்னத்தில் வைத்துத் திருகினார்.

“கன்னம் அரிக்கிறதா, அப்பா?” என்று கேட்டேன்.

“இல்லையம்மா. சாப்பாட்டு மேசையில் ஆப்பிள் எடுத்துத் தா என்று கேட்கும்போது என் அப்பா இப்படித்தான் செய்வார். நாங்களும் செய்வோம். ஏன் என்று கேட்டதே இல்லை.”

அமெரிக்கச் சைகை மொழியில் ஆப்பிளுக்கு அதுதான் சொல் என்று சொன்னேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் ஒரு முறை விரலை மடக்கிப் பார்த்தார்.